கறுத்துப்போகும் பழம், கரைந்துபோகும் படம்

வீட்டில் ஒரு வாழைப்பழம் கறுத்துவிட்டால் நாம் என்ன செய்வோம்? கோழிக்குப் போடுவோம், இல்லையென்றால் தென்னைமரத்தடியில் எறிவோம். கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து அது அழுகுவதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டோம். அப்படி ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தால், 'இவளுக்கு என்ன நடந்தது?' என்று அயலட்டை கேட்கும். ஆனால் உலகின் பல இடங்களில் கலைஞர்கள் இதைத்தான் செய்திருக்கிறார்கள். அழுகும் பழம், உதிரும் பூ, பூஞ்சணம் பிடித்த பாண், கறையான் அரித்த ஓலை என்று இயற்கையாகச் சிதைந்துபோகும் பொருட்களைக் கமராவாலும் கணினியாலும் பிடித்து, அவற்றைக் கொண்டு கதை சொல்லியிருக்கிறார்கள். டிஜிட்டல் கலை என்று இன்று பேசப்படுவதில் இதுவும் ஒரு பகுதி.

டிஜிட்டல் கலை என்றதும், அது நமக்கு உரியதல்ல, கொழும்பிலும் வெளிநாட்டிலும் படித்தவர்களுக்கு உரியது என்ற எண்ணம் எழுவது இயல்பே. விலை கூடிய கணினி, ஆங்கிலம், இணைய வசதி என்பன நினைவுக்கு வந்து பயமுறுத்தும். உண்மையில் ஒரு சாதாரண கைத்தொலைபேசி, ஒரு பழம், இரண்டு கிழமை அவகாசம் ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். முல்லைத்தீவு மாவட்டத்தின் கிராமம் ஒன்றில், மாதர் சங்கப் பெண்கள் எட்டுப் பேருடன் சேர்ந்து இதைச் செய்துபார்த்த அனுபவத்திலிருந்தே இதை எழுதுகிறேன். சமூகவியல் படித்துவிட்டுக் களத்துக்கு வந்த எனக்குக் கலை பற்றிப் பெரிய பயிற்சி எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஒரு கூடை பழமும் ஒரு பேனையும்

இங்கிலாந்தைச் சேர்ந்த சாம் டெய்லர்-வூட் என்ற பெண் கலைஞர் 2001 ஆம் ஆண்டில் 'ஸ்டில் லைஃப்' என்ற படைப்பை உருவாக்கினார். இன்று அவர் சாம் டெய்லர்-ஜோன்சன் என்ற பெயரில் திரைப்படங்களை இயக்குகிறார். அந்தப் படைப்பு நான்கு நிமிடத்துக்கும் குறைவானது. மேசையில் ஒரு கூடை நிறையப் பழங்கள். பல நாட்களாக எடுக்கப்பட்ட படங்கள் அடுத்தடுத்து வேகமாக ஓட, பழங்களின் தோல் தளர்கிறது, சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் போர்வைபோல மூடுகிறது, பழங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்து, கடைசியில் இன்ன பழம் என்று சொல்லமுடியாத கறுத்த குவியலாகிவிடுகின்றன. பேச்சும் கிடையாது, மனிதர்களும் கிடையாது. இதை உருவாக்குவதற்கு முன்பு அவர் இரண்டு தடவை புற்றுநோய்க்கு ஆளாகி மீண்டிருந்தார் என்பதை அறிந்தபின் பார்த்தால், அந்தக் கூடை வேறு மாதிரித் தெரியும்.

பழங்களையும் பூக்களையும் மண்டையோட்டையும் ஒன்றாக வைத்து, எல்லாம் அழியும் என்று காட்டும் ஓவியங்களை 17 ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்து ஓவியர்கள் ஏராளமாக வரைந்தார்கள். 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த அதே ஒல்லாந்தரின் நாடுதான். கிழக்கிலிருந்து கப்பலில் போன செல்வம் அந்தப் பணக்கார வீடுகளின் மேசைக்கு வந்தது, அந்த மேசையே ஓவியமாகிச் சுவரில் தொங்கியது. அந்த ஓவியங்களில் ஒரு இலையான், பழத்தில் ஒரு கறுப்புப் புள்ளி, இவ்வளவுதான் அழிவின் அடையாளம். மிச்சத்தைப் பார்ப்பவர் மனதால் நிரப்பிக்கொள்ள வேண்டும். கமரா வந்தபின் அந்த மிச்சத்தையும் காட்ட முடிந்தது.

ரொப் கார்ட்டர், நிக் கார்ட்டர் என்ற பிரித்தானியத் தம்பதியினர் வேறொரு வழியில் போனார்கள். 1630 அளவில் வரையப்பட்ட ஒரு இறந்த தவளையின் ஓவியத்தை எடுத்து, கணினி வரைகலைஞர்களின் உதவியுடன் அதை அசையவைத்தார்கள். மூன்று மணித்தியாலம் ஓடும் அதில் தவளை மிக மிக மெதுவாக அழுகுகிறது. கடந்துபோகும் ஒருவர் அதை அசையாத ஓவியம் என்றே நினைப்பார். நின்று பார்ப்பவருக்கு மட்டுமே அது நகர்வது தெரியும். வேகமாக ஓட்டினால் ஒரு கதை, மெதுவாக ஓட்டினால் இன்னொரு கதை. இந்த வித்தியாசம் எனக்குப் பிடித்திருந்தது.

மாதர் சங்கப் பெண்களுக்குப் பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு மடிக்கணினியில் 'ஸ்டில் லைஃப்' படைப்பைக் காட்டினோம். நான் பழங்களைப் பற்றிப் பேசுவதற்கு ஆயத்தமாக இருந்தேன். ஒரு அக்கா பழங்களைப் பற்றிப் பேசவே இல்லை.

"உந்தப் பேனை அப்பிடியே கிடக்குது, மிஸ்" என்றார்.

ஆம், கூடைக்குப் பக்கத்தில் மலிவான பிளாஸ்ரிக் பேனை ஒன்று கிடக்கிறது. பழங்கள் முழுவதும் கரைந்த பின்னரும் அது புதிதாகவே இருக்கிறது. விமர்சகர்கள் பக்கம் பக்கமாக எழுதிய விடயம் அது. அதை அந்த அக்கா முதல் தடவையிலேயே பிடித்துவிட்டார். அருகில் இருந்தவர் தொடர்ந்தார். "நாங்கள் திரும்பி வரேக்கையும் உதுதானே. மரச்சாமானெல்லாம் கறையான் திண்டிட்டுது. செருப்பும் மண்ணெண்ணெய்க் கானும் தறப்பாளும் மண்ணுக்கை அப்பிடியே கிடந்தது. ஆற்றை செருப்பெண்டு ஆருக்குத் தெரியும்?"

அதற்குப் பிறகு நான் விளக்கம் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. எது அழுகிப்போகிறது, எது அழுகாமல் கிடக்கிறது என்ற ஒரே கேள்வியை வைத்தே அன்றைய பின்னேரம் முழுவதும் கதை நடந்தது.

வாக்குமூலம் அல்லாத ஒரு கதை

நமது பெண்களுக்குக் கதை சொல்லத் தெரியாது என்று எவரும் சொல்ல முடியாது. அவர்கள் அளவுக்கு மிஞ்சிச் சொல்லியிருக்கிறார்கள் என்பதே என் அவதானிப்பு. கிராம சேவையாளரிடம் சொன்னார்கள். 2010 இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு வந்தபோது சொன்னார்கள். 2013 இல் நியமிக்கப்பட்ட, காணாமற்போனோர் பற்றிய சனாதிபதி ஆணைக்குழுவிடம் சொன்னார்கள். 2018 இல் ஆணையாளர்கள் நியமிக்கப்பட்டு இயங்கத் தொடங்கிய காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்திடம் சொன்னார்கள். இடையில் ஆய்வு மாணவர்கள், பத்திரிகையாளர்கள், என்னைப்போன்ற உத்தியோகத்தர்கள். எல்லோரும் ஒரே ஒழுங்கில்தான் கேட்டோம்: பெயர், திகதி, இடம், கடைசியாக யார் கண்டது. கதை எங்கே தொடங்க வேண்டும், எங்கே முடிய வேண்டும் என்பதைப் படிவமே தீர்மானித்துவிடுகிறது. அந்தப் படிவங்கள் தேவையற்றவை என்று நான் சொல்லவில்லை. உண்மைக்கும் நீதிக்கும் அவை தேவை. ஆனால் அவற்றில் அடங்காத பங்கு ஒன்று இருக்கிறது. அந்தப் பங்குக்கு வேறு ஒரு வடிவம் வேண்டும்.

இயற்கையின் சிதைவு அதற்கு ஏன் பொருந்துகிறது? அது தானாகவே ஒரு கதைபோல நகர்கிறது என்பது ஒரு காரணம். வாழைப்பழம் காயப்பட்ட இடத்தில் அதன் கலங்கள் உடைந்து, உள்ளே இருக்கும் நொதியம் காற்றுடன் சேர்ந்து கறுக்கிறது. பூஞ்சணம் இன்னும் சுவாரசியமானது. அதன் வித்திகள் எந்நேரமும் காற்றில் இருக்கின்றன. பாணில் ஒன்று விழுந்தால் முதலில் கண்ணுக்குத் தெரியாத நூல்களாக உள்ளே ஓடும். நாம் காணும் பச்சை அல்லது கறுப்புப் பொடி அதன் பிந்திய கட்டம், அது வித்திகளைப் பரப்பும் காலம். அதாவது, வெளியில் தெரியும்போது உள்ளே எத்தனையோ நடந்து முடிந்துவிட்டது.

இதை நான் சொன்னபோது ஒரு தங்கச்சி சிரித்தார். "அப்ப என்ரை கதைக்குப் பூசணிக்காய்தான் சரி" என்றார். அவருடைய கதை போர் அல்ல, போருக்குப் பிறகு வந்த நுண்கடன். கடனுக்கான கிழமைக் கட்டுப்பணம் அறவிட ஆள் வரும் நாளில் மட்டும், வாசலில் வைத்த ஒரு பூசணிக்காயைப் படம் எடுத்தார். எட்டுக் கிழமை ஒரு மாற்றமும் இல்லை. பார்க்கிற எங்களுக்கே சலிப்பாக இருந்தது. ஒன்பதாவது கிழமை காய் அப்படியே அமர்ந்து, அடியால் நீர் ஓடியிருந்தது. ஒன்பது படங்களையும் சேர்த்துக் கைத்தொலைபேசியில் ஓடவிட்டு, ஒவ்வொரு படத்துக்கும் அந்தக் கிழமை கட்டிய தொகையைத் தன் குரலில் மட்டும் சொன்னார். வேறு ஒரு வார்த்தையும் இல்லை. ஒரு நிமிடமும் வராத அந்தப் படைப்பைப் பார்த்துவிட்டு, சங்கத்தின் பொருளாளர் அக்கா எழும்பி வெளியே போய்விட்டார். அவருக்கும் அதே கடன் இருந்தது.

எல்லாம் இவ்வளவு நன்றாக வரவில்லை. மல்லிகைப் பூவை எடுத்தவர் மூன்றாம் நாளே அலுத்துவிட்டார். ஒருவரின் பப்பாசிப்பழத்தைக் காகம் கொண்டுபோய்விட்டது. கிடுகு வேலியை எடுத்தவருக்கு இரண்டு கிழமை போதவில்லை. கிடுகு உக்குவதற்கு ஒரு மாரி வேண்டும். அவர் இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

முளையை யார் கேட்டார்கள்?

தக்காளியை எடுத்த அக்காவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். உடைந்த மண்சட்டியில் மணல் பரப்பி, இரண்டு பழுத்த தக்காளியை வைத்தார். அது 2009 இல் நலன்புரி முகாமில் நோயுற்று இறந்த தன் தாயைப் பற்றியது. தாயின் பெயரோ படமோ அதில் இல்லை. நாளுக்கு ஒரு படம். தோல் சுருங்கி, வெடித்து, பதினோராம் நாள் மணலோடு ஒட்டிய ஒரு சிவப்புத் தோலாக மட்டும் கிடந்தது. அத்துடன் முடிப்பது என்று அவர் தீர்மானித்திருந்தார். பதின்மூன்றாம் நாள் அந்தத் தோலுக்குள்ளிருந்து நான்கைந்து முளைகள் எழும்பின.

அந்த நாட்களில் நிதி வழங்கும் நிறுவனம் ஒன்றிலிருந்து இருவர் பார்வையிட வந்திருந்தனர். முளையைக் கண்டதும் அவர்களுக்குப் பெரும் மகிழ்ச்சி. இந்த முளையோடு முடித்தால் எவ்வளவு நம்பிக்கை தரும், அறிக்கையின் முகப்பிலேயே போடலாம் என்றார்கள். கூட இருந்த பெண்களில் சிலரும், "ஓம் அக்கா, வடிவாயிருக்கும்" என்றார்கள். அக்கா அவசரப்படவில்லை. "அது தக்காளியின்ரை கதை. இது அம்மாவின்ரை கதை. அம்மா முளைக்கேல்லை" என்றார். படம் பதினோராம் நாளுடனே முடிந்தது. முளைகளைப் பிடுங்கி வளவில் நட்டார். அவை காய்த்தன, சமைத்தார். அதைப் படம் எடுக்கவில்லை.

எமது பணியில் நம்பிக்கை என்ற சொல்லை நாம் தாராளமாகப் பாவிக்கிறோம். பாதிக்கப்பட்ட பெண் எழுந்து நிற்க வேண்டும், தையல் இயந்திரத்துக்கு முன்னால் சிரிக்க வேண்டும், அப்போதுதான் கதை முடிவுபெற்றதாக நாம் கருதுகிறோம். அழுகும் பொருளை வைத்துக் கதை சொல்லும்போதும் அதே எதிர்பார்ப்பு முளை வடிவில் வந்து நிற்கிறது. முளையோடு முடிக்க விரும்புபவர் முடிக்கட்டும். ஆனால் எங்கே முடிப்பது என்பது கமராவைப் பிடித்திருக்கும் பெண்ணின் உரிமை என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அமெரிக்கக் கலைஞர் ஸோயி லெனார்ட் ஒரு பெரிய நூதனசாலையிடமே இப்படி நின்றவர். 1992 இல் அவருடைய நெருங்கிய நண்பர் எயிட்ஸ் நோயினால் இறந்தார். அதன்பின் தோடம்பழம், வாழைப்பழம், எலுமிச்சை போன்றவற்றைச் சாப்பிட்டுவிட்டு, தோலை எறியாமல் நூலாலும் கம்பியாலும் பொத்தானாலும் சிப்பாலும் பழம் போலவே மீண்டும் தைத்தார். 1997 வரை அப்படிச் சுமார் 300 தோல்கள். இது கணினியில் செய்ததல்ல, கையால் தைத்தது. ஆனாலும் சிதைவைக் கொண்டு கதை சொல்பவர் எவரும் இதைக் கடந்துபோக முடியாது. அந்தத் தோல்கள் கெடாமல் பாதுகாக்க ஒரு நிபுணர் வழியும் கண்டுபிடித்தார். சிலவற்றை அப்படிப் பதப்படுத்தியும் பார்த்தார்கள். லெனார்ட் கடைசியில் அதை மறுத்துவிட்டார். அவை காய்ந்து, சுருங்கி, இல்லாமற்போவதுதான் படைப்பு என்றார். பிலடெல்பியா கலை நூதனசாலை அதை அந்த நிபந்தனையோடேயே ஏற்றுக்கொண்டது. தையல் தெரிந்த நமது பெண்களுக்கு இந்தக் கதை உடனே பிடித்துப்போனது. 'தைச்சு என்ன, பழம் திரும்பி வரவா போகுது' என்று ஒருவர் கேட்டார். 'வராது எண்டு தெரிஞ்சுதானே தைச்சிருக்கிறா' என்று இன்னொருவர் பதில் சொன்னார்.

கவனிக்க வேண்டியது

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. 2009 இன் கடைசி மாதங்களைக் கடந்துவந்தவர்களுக்கு அழுகல் மணம் வெறும் பழத்தின் மணம் அல்ல. எனவே முதல் நாளே இதைப் பேசினோம். இறைச்சி, மீன் எதுவும் வைப்பதில்லை என்று முடிவு செய்தோம். பழத்தை வீட்டுக்குள் வைக்காமல் திறந்த இடத்தில் வைத்தோம். விரும்பாதவர் துருப்பிடிக்கும் இரும்பையோ காய்ந்த இலையையோ எடுக்கலாம், எதையும் எடுக்காமலும் இருக்கலாம். வயதான தாய் ஒருவர், "எனக்கு உது வேண்டாம் பிள்ளை, நான் இரும்பை எடுக்கிறன்" என்று தன் மகனின் பழைய சைக்கிளைத் தெரிந்தெடுத்தார். மணம் இல்லை, மெதுவாக நடக்கும், அவருக்கு அது போதும். பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் ஒருவர் அருகில் இல்லாமல் இந்த வேலையைக் குழுவாகச் செய்ய வேண்டாம் என்பதே என் ஆலோசனை.

இன்னொன்றையும் பெண்கள் என்ற வகையில் சொல்ல வேண்டும். யப்பானில் 13, 14 ஆம் நூற்றாண்டுகளிலிருந்தே உடல் அழுகுவதை ஒன்பது கட்டங்களாகக் காட்டும் ஓவியங்கள் இருந்தன. உடல் மீதான ஆசையை ஒழிப்பதற்காகத் துறவிகள் பார்த்துத் தியானிக்கும் படங்கள் அவை. அந்தப் படங்களில் அழுகுவது பெரும்பாலும் ஒரு பெண்ணின் உடல், பார்ப்பது ஆணின் கண். நமது உடல்களின் படங்களையும் போருக்குப் பின் யார் யாரோ எடுத்தார்கள், யார் யாரோ பார்த்தார்கள். எனவே எங்கள் குழுவில் உடல் இல்லை. பழம், இலை, ஓலை, இரும்பு, பழைய புகைப்படம், இவ்வளவுதான்.

படங்களும் அழுகும்

பழைய புகைப்படம் என்றேனல்லவா? நம்மில் பலருக்கு மிக நெருக்கமான சிதைவு இதுதான். 2004 டிசெம்பர் 26 கடல் வந்தபோது அல்பங்கள் போயின. இடப்பெயர்வில் பதுங்குகுழியில் புதைத்தவை ஈரத்தில் ஊறின. மிஞ்சியவற்றில் சில, 2018 டிசெம்பரில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வெள்ளம் ஏறியபோது நனைந்தன. அப்படங்களைப் பார்த்தால், முகம் இருந்த இடத்தில் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும்.

இதற்குக் காரணம் உண்டு. ஸ்ரூடியோவில் கழுவிய கலர்ப்படத்தின் மேல்பரப்பு ஜெலற்றினால் ஆனது. விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படும் பொருள் அது. ஈரம் பட்டால் பக்ரீரியாவுக்கும் பூஞ்சணத்துக்கும் நல்ல சாப்பாடு. அந்த ஜெலற்றினில் மூன்று நிறப் படைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. மேலே நீலப்பச்சை, நடுவில் சிவப்புச் சாயல், அடியில் மஞ்சள். மேற்படை கரைந்தால் படம் சிவக்கும். இரண்டாவதும் போனால் மஞ்சளாகும். மூன்றும் போனால் வெள்ளைக் கடதாசி. ஆகவே ஒரு நனைந்த படத்தில் தெரியும் சிவப்பும் மஞ்சளும், ஈரம் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதைச் சொல்லும் அடையாளங்கள்.

2011 மார்ச் 11 இல் யப்பானைத் தாக்கிய சுனாமிக்குப் பின், மியாகி மாகாணத்தின் யமமோட்டோ என்ற சிறு பட்டினத்தில் இடிபாடுகளிலிருந்து சுமார் 7½ இலட்சம் படங்கள் சேர்க்கப்பட்டன. தொண்டர்கள் அவற்றை ஒவ்வொன்றாகக் கழுவி, இலக்கமிட்டு, டிஜிட்டல் கமராவால் பிரதியெடுத்து, உரியவர்கள் தேடிக் கண்டுபிடிக்கும்படி ஒழுங்குசெய்தார்கள். முகமே தெரியாத அளவுக்குப் பக்ரீரியா தின்ற படங்கள் ஒரு பெருந்தொகை. குப்பை என்று ஒதுக்கப்படவிருந்த அவற்றை, புகைப்படக் கலைஞர் தகஹாஷி முனெமாசாவும் நண்பர்களும் 2012 முதல் 'லொஸ்ட் அன்ட் ஃபவுண்ட்' என்ற பெயரில் பல நாட்டு நகரங்களில் காட்சிப்படுத்தினார்கள். சுவர் முழுவதும் சிறு சிறு படங்கள். ஒரு கலியாணம், ஒரு பிறந்தநாள், ஒரு பள்ளிக்கூட விளையாட்டுப்போட்டி என்று ஊகிக்கலாம். ஆட்கள் மட்டும் இல்லை. எழுதிய விளக்கம் எதுவும் அந்தச் சுவரைவிடக் கூடுதலாகச் சொல்லியிருக்காது என்று நினைக்கிறேன்.

நமது வீடுகளில் இப்படியான படங்கள் இருந்தால் எறிய வேண்டாம். முதலில், எதுவும் செய்வதற்கு முன், நிழலில் வைத்து நேர் மேலிருந்து கைத்தொலைபேசியால் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். ஒன்றோடொன்று ஒட்டிய ஸ்ரூடியோப் படங்களைப் பிய்க்காமல் சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவிட்டால் பெரும்பாலும் தானாகப் பிரியும். பிறகு நிழலில் காயவிடுங்கள். மேற்பரப்பு ஏற்கெனவே கரைந்து வழுவழுப்பாக இருந்தால் தண்ணீரில் போடாதீர்கள், மிச்சமும் போய்விடும். கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிய படத்தைக் கண்ணாடியுடனேயே படம் எடுப்பது நல்லது.

பழத்தையோ இலையையோ எடுத்துப் பார்க்க விரும்புபவர்களுக்கும் சில குறிப்புகள். கமரா அசையக்கூடாது என்பதே முக்கியம். நாங்கள் மூன்று செங்கற்களை அடுக்கி, கைத்தொலைபேசி வைக்கும் இடத்தைச் சுண்ணாம்பால் அடையாளமிட்டோம். தினமும் ஒரே நேரம், முடிந்தால் காலை எட்டு மணி வெளிச்சம். நமது வெயிலில் வாழைப்பழத்துக்கு ஒரு கிழமை போதும், பூசணிக்கு மாதக்கணக்கு. படங்களை வரிசையாக ஓடவைக்கும் இலவசச் செயலிகள் உண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும். குரலைக் கடைசியில் சேருங்கள். பின்னாலிருந்து முன்னாக ஓடவிட்டும் பாருங்கள். அழுகல் மறைந்து பழம் முழுதாக எழும்பும். எங்கள் குழுவில் இருவர் அதை விரும்பினார்கள், ஒருவர் "பொய்" என்று சொல்லி நிறுத்தச் சொன்னார்.

படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அனுப்புவதானால் இதையும் அறிந்திருங்கள்: வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சிறிதாக்கப்பட்டுப் போகிறது. அதைப் பெற்றவர் திரையைப் படம்பிடித்து இன்னொருவருக்கு அனுப்ப, அவர் வேறொருவருக்கு அனுப்ப, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிவு குறையும். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் படம் கை மாறிக் கை மாறி, பதாகையில் அச்சாகும்போது கண்ணும் மூக்கும் கலங்கித் தெரிவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். கணினியிலும் படம் தேயும். 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்பினால் முழுதாகப் போகும். மூலப் பிரதியை வேறொரு இடத்திலும் சேமித்து வையுங்கள்.

எங்கள் குழுவில் ஒரு அக்காவிடம் கலியாணப் படம் ஒன்று இருக்கிறது. பதுங்குகுழியில் இருந்து வந்தது. கணவரின் முகமும் மார்பும் மஞ்சளாகப் பூத்துப்போய், அக்காவின் தோளில் வைத்த கை மட்டும் விரல் விரலாகத் தெளிவாக இருக்கிறது. ஸ்ரூடியோக்காரத் தம்பி, அடையாள அட்டைப் படத்திலிருந்து முகத்தை எடுத்து, கோட்டும் ரையும் போட்டுப் புதுப் படம் ஒன்று செய்து கொடுத்தார். அது பிள்ளைகளுக்காகச் சுவரில் மாலையில்லாமல் தொங்குகிறது. பூத்துப்போன படத்தை அவர் மாதம் ஒரு தடவை, அதே செங்கல்மேல் கைத்தொலைபேசியை வைத்து எடுத்துக்கொண்டு வருகிறார். மஞ்சள் இன்னும் கைக்கு வரவில்லை. குரல் எப்போது சேர்ப்பீர்கள் என்று கேட்டேன். "மாரி முடியட்டும் மிஸ், பாப்பம்" என்றார்.